கையெழுத்துக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய காசு வார்த்தைகள்



பிளேஸ்மென்ட் சீசன் தொடங்கியாச்சு. நோட்டீஸ் போர்டு பக்கம் போனாலே "எத்தனை எல்பிஏ?"ங்கிற கேள்விதான் காதுல விழுது. அதனால இந்த இதழ்ல கொஞ்சம் காசு பத்திப் பேசலாம். காசு சம்பாதிப்பது எப்படின்னு இல்ல. காசு பத்தின இங்கிலீஷ் வார்த்தைகள் பத்தி.

முதல்ல நடந்த ஒரு கதை. எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அண்ணா ஒருத்தருக்கு ஆறு லட்ச ரூபாய் பேக்கேஜ்ல வேலை கிடைச்சுது. அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்கு போன் போட்டு, "அப்பா, மாசம் அம்பதாயிரம்ப்பா"ன்னு சொன்னார். ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால வகுத்தா அம்பதாயிரம். கணக்கு சரிதானே? அந்த அம்பதாயிரத்தை நம்பி அவங்க அப்பா வீட்டுக்கு மேல் மாடி எழுப்பக் கடன் வாங்கிட்டார். முதல் மாசச் சம்பளம் வந்தது முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். கம்பெனி ஏமாத்திடுச்சுன்னு அண்ணா கொதிச்சுப் போயிட்டார். ஆனா யாரும் ஏமாத்தல. ஆஃபர் லெட்டர்ல எல்லாமே எழுதியிருந்தது. அதுல இருந்த 'சிடிசி'ங்கிற ஒரு வார்த்தைக்கு அவர் போட்டுக்கிட்ட அர்த்தம்தான் தப்பு.

இந்த மாதிரி வார்த்தைகளை நாம தினமும் சொல்றோம். சரியான அர்த்தம் கேட்டா மட்டும் முழிக்கிறோம். வாங்க, ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்.

1. மணி, கேஷ், கரன்சி, சேஞ்ச்

நாலையும் 'பணம்'னே சொல்லிடுவோம். ஆனா வித்தியாசம் இருக்கு. 'மணி' பொதுச் சொல். பேங்க்ல இருக்கிறது, யூபிஐ-ல போறது, பர்ஸ்ல இருக்கிறது எல்லாமே மணி. 'கேஷ்'ன்னா கையில எண்ணக்கூடிய ரொக்கம். 'கரன்சி'ன்னா ஒரு நாட்டுல செல்லுபடியாகிற பணம். ரூபாய், டாலர், யென் மாதிரி. 'சேஞ்ச்'ன்னா சில்லறை. கடைக்காரர் திருப்பித் தர்ற மீதியும் சேஞ்ச்தான். அதை 'பேலன்ஸ்'னு நாம சொல்றது நம்ம ஊர் வழக்கம். அக்கவுண்ட்ல மிச்சம் இருக்கிற தொகைக்குத்தான் பொதுவா பேலன்ஸ்னு பேர்.

இதுல ஒரு சுவாரசியம் சொல்லட்டுமா? இங்கிலீஷ்ல 'கேஷ்'ங்கிற வார்த்தை ரெண்டு இருக்கு. ரொக்கம்ங்கிற அர்த்தத்துல வர்றது, பணப்பெட்டியைக் குறிக்கிற பிரெஞ்சு, இத்தாலிய வார்த்தைகள்ல இருந்து வந்தது. இன்னொரு 'கேஷ்', ஆசியாவுல புழங்கின சின்ன நாணயத்தோட பேர். அது நம்ம 'காசு'தான். போர்த்துகீசியர் வாய்வழியா இங்கிலீஷுக்குள்ள போச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில 80 காசு சேர்ந்தா ஒரு பணம், 42 பணம் சேர்ந்தா ஒரு வராகன். அதாவது 'பணம்'கூட அப்ப ஒரு நாணயத்தோட பேர்தான். நாம கடன் கொடுத்த சொல்லுன்னு பெருமைப்பட்டுக்கலாம். இனி நாம கடன் வாங்கின சொற்களுக்கு வருவோம். அங்கதான் பிரச்சினையே.

2. நாம கொடுக்கிறது: ஃபீ, ஃபேர், ஃபைன், டெபாசிட், அட்வான்ஸ்

'ஃபீ' ஒரு சேவைக்குக் கட்டுறது. டியூஷன் ஃபீ, எக்ஸாம் ஃபீ, டாக்டர் ஃபீ. 'ஃபேர்' பயணத்துக்கு மட்டும். பஸ் ஃபேர், ட்ரெயின் ஃபேர். 'ஃபைன்' தப்பு பண்ணினதுக்குக் கட்டுற அபராதம். லைப்ரரி புத்தகம் லேட்டானா ஃபைன். இந்த மூணும் கொடுத்தா போனதுதான். பொதுவாத் திரும்பி வராது.

'டெபாசிட்' அப்படி இல்ல. அது அடுத்தவங்க கையில இருந்தாலும் உங்க பணம்தான். காலேஜ்ல சேரும்போது 'காஷன் டெபாசிட்'னு ஒரு தொகை கட்டியிருப்பீங்க. ஏதாவது உடைஞ்சா, தொலைஞ்சா அதுல கழிச்சுக்கிட்டு மீதியைத் திருப்பித் தரணும். படிப்பு முடிஞ்சதும் டிசி வாங்கின சந்தோஷத்துல இதைக் கேட்காமலே போறவங்க நிறைய பேர். முதல் வருஷ ரசீதைத் தேடி எடுங்க. 'ரீஃபண்டபிள்'னு போட்டிருந்தா அது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். 'நான் ரீஃபண்டபிள்'னு போட்டிருந்தா அது பேருக்குத்தான் டெபாசிட், உண்மையில ஃபீ.

அடுத்தது 'அட்வான்ஸ்'. வேலை கிடைச்சு பெங்களூரு, புனே போறவங்க கவனிங்க. நம்ம ஊர்ல வீட்டு ஓனர் அட்வான்ஸ்னு சொன்னா, காலி பண்ணும்போது திரும்பத் தர்ற தொகை. ஆனா இங்கிலீஷ்ல அட்வான்ஸ்னா முன்கூட்டியே கட்டுற பணம், அதாவது கழிஞ்சு போற பணம். ஒரு மாச ரென்ட் அட்வான்ஸ்னு அக்ரிமென்ட்ல எழுதினா, அது முதல் மாச வாடகையாவே போயிடலாம். திரும்ப வர வேண்டிய பணம்னா 'செக்யூரிட்டி டெபாசிட், ரீஃபண்டபிள்'னு எழுத்துல இருக்கணும். வாய்ப்பேச்சை நம்பாதீங்க.

3. நாம வாங்குறது: ஸ்டைபெண்ட், சாலரி, சிடிசி

'ஸ்டைபெண்ட்' பயிற்சிக் காலத்துல செலவுக்குக் கொடுக்கிற தொகை. இன்டர்ன்ஷிப்ல வர்றது இதுதான். 'வேஜ்' பெரும்பாலும் நாள் கணக்குலயோ மணிக் கணக்குலயோ தர்ற கூலி. 'சாலரி' மாசச் சம்பளம். 'ரீஇம்பர்ஸ்மென்ட்' வருமானமே இல்ல. கம்பெனி வேலைக்காக நீங்க கைக்காசு போட்டுச் செலவு பண்ணினதை, பில் காட்டித் திரும்ப வாங்குறது.

இப்ப அந்த அண்ணாவோட ஆறு லட்சத்துக்கு வருவோம். 'சிடிசி'ன்னா காஸ்ட் டு கம்பெனி. உங்களை வேலைக்கு வெச்சுக்க கம்பெனிக்கு ஒரு வருஷத்துக்கு ஆகிற மொத்தச் செலவு. உங்க கைக்கு வர்ற வரவு இல்ல. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பேசிக்: 3,00,000
வீட்டு வாடகைப் படி: 1,20,000
ஸ்பெஷல் அலவன்ஸ்: 50,000
கம்பெனி கட்டுற பிஎஃப், பேசிக்ல 12 சதவீதம்: 36,000
கிராஜுவிட்டி, பேசிக்ல 4.81 சதவீதம்: 14,430
வேரியபிள் பே: 70,000
இன்ஷூரன்ஸ்: 9,570
மொத்தம்: 6,00,000

இதுல முதல் மூணு வரிதான் மாசாமாசம் வரும். அது 4,70,000. பன்னிரண்டால வகுத்தா 39,167. இதுக்குப் பேர் 'கிராஸ்'. இதுல உங்க பங்கு பிஎஃப் 3,000 பிடிச்சா 36,167. தொழில் வரி, வேற பிடித்தம் எல்லாம் போக மிஞ்சுறது 'நெட்'. டேக் ஹோம்னு சொல்றதும் இதைத்தான்.

மீதிப் பணம் எங்க? பிஎஃப் உங்க பேர்லதான் சேருது, ஆனா இப்ப எடுத்துச் செலவு பண்ண முடியாது. கிராஜுவிட்டி வாங்கப் பொதுவா 5 வருஷம் ஒரே இடத்துல வேலை பார்க்கணும். ரெண்டு வருஷத்துல வேற கம்பெனிக்குத் தாவினா அந்த வரி உங்களுக்கு வெறும் எழுத்துதான். 'வேரியபிள்'னா மாறக்கூடியது. கம்பெனி லாபம், உங்க பெர்ஃபார்மன்ஸ் பொறுத்து முழுசா வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம்.

ஆக ஹெச்ஆர் கிட்ட கேட்க வேண்டிய கேள்வி "பேக்கேஜ் எவ்வளவு?" இல்ல. "மாசம் ஃபிக்ஸட் கிராஸ் எவ்வளவு, டேக் ஹோம் எவ்வளவு?" இதைக் கேட்க வெட்கமே வேண்டாம். அந்தக் கேள்வியை அண்ணா கேட்டிருந்தா, அவங்க அப்பா கடனைக் கொஞ்சம் குறைச்சு வாங்கியிருப்பார்.

ஆஃபர் லெட்டர்லயே இன்னொரு வார்த்தை இருக்கும், 'பாண்ட்'. நாம ஜேம்ஸ் பாண்டை நினைச்சுச் சிரிச்சுட்டுப் போயிடுறோம். பாண்ட்னா கட்டு. ரெண்டு வருஷம் இருக்கணும், நடுவுல போனா இவ்வளவு பணம் தரணும்னு உங்களைக் கட்டிப்போடுற ஒப்பந்தம். 'ஜாயினிங் போனஸ்'னு கொடுக்கிற தொகையையும், ஒரு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா திருப்பிக் கேட்கிற கம்பெனிகள் உண்டு. அந்தப் பத்தியில 'ரெக்கவர்'னு ஒரு சொல் இருக்கான்னு பாருங்க.

4. வாங்குறதா, கொடுக்கிறதா?

"கேன் யூ பாரோ மீ ஹண்ட்ரட் ருபீஸ்?" இதை ஹாஸ்டல்ல கேட்காதவங்க இருக்க முடியாது. தப்பு ஏன் வருதுன்னா, தமிழ்ல 'கடன்'ங்கிற ஒரே சொல்லை வெச்சுக்கிட்டு வாங்கு, கொடுன்னு சேர்த்துடுறோம். இங்கிலீஷ்ல ரெண்டும் தனித்தனி வினை. 'பாரோ'ன்னா கடன் வாங்குறது. 'லெண்ட்'னா கடன் கொடுக்கிறது. ஆக, "கேன் யூ லெண்ட் மீ?" இல்லன்னா "கேன் ஐ பாரோ?" அவ்வளவுதான்.

இதே குழப்பம் 'கிரெடிட்', 'டெபிட்'ல வந்தா பணமே போயிடும். உங்க அக்கவுண்ட்ல கிரெடிட்னா வரவு, டெபிட்னா பற்று. பழைய பொருளை ஆன்லைன்ல விக்கப் போடுவீங்க. ஒருத்தர் போன் பண்ணி, "க்யூஆர் அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, அமவுண்ட் கிரெடிட் ஆயிடும்"னு சொல்வார். இது மோசடி. யூபிஐ-ல பணம் போறதுக்குத்தான் பின் வேணும். வர்றதுக்கு வேண்டாம். எவ்வளவு இனிமையாப் பேசினாலும் இது மாறாது. ஒருவேளை ஏமாந்துட்டா, வெட்கப்பட்டு மறைக்காம உடனே 1930க்கு போன் பண்ணுங்க. நேரம் ஆக ஆகப் பணத்தை முடக்குறது கஷ்டம்.

5. எஜுகேஷன் லோன்: பிரின்சிபல், இன்ட்ரஸ்ட், மாரடோரியம்

'பிரின்சிபல்'னா நம்ம காலேஜ் பிரின்சிபல் இல்ல, அசல். ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணுதான். 'பிரின்சிபிள்'னா கொள்கை, அதுக்கு ஸ்பெல்லிங் வேற. 'இன்ட்ரஸ்ட்' வட்டி. இது தெரியும். தெரியாம இருக்கிற வார்த்தை 'மாரடோரியம்'.

எஜுகேஷன் லோன்ல படிக்கிற காலமும், அதுக்கப்புறம் பொதுவா ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்ல. இதுக்குப் பேர் மாரடோரியம். இந்தக் காலத்துல வட்டி கிடையாதுன்னு நம்மள்ல பாதிப் பேர் நினைச்சுட்டு இருக்கோம். தப்பு. மாரடோரியம்னா தள்ளிவைக்கிறது. தள்ளுபடி இல்ல. வட்டி பாட்டுக்கு ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருஷம் லோன் எடுக்கிறோம், 10 சதவீதம் தனிவட்டின்னு வெச்சுப்போம். முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 50,000. ரெண்டாவதுக்கு 40,000. மூணாவதுக்கு 30,000. நாலாவதுக்கு 20,000. மொத்தம் 1,40,000. இதை அசலோட சேர்த்துத்தான் இஎம்ஐ போடுவாங்க. அதாவது 5,40,000க்கு. பத்து வருஷத் தவணைன்னா இஎம்ஐ மாசம் சுமார் 7,136 ரூபாய். படிக்கும்போதே வட்டியைக் கட்டிட்டு வந்திருந்தா, 4 லட்சத்துக்கு மட்டும் சுமார் 5,286. பத்து வருஷத்துல வித்தியாசம் ரெண்டு லட்சத்தைத் தாண்டுது.

எல்லா வீட்டாலும் படிக்கும்போதே வட்டி கட்ட முடியாது, புரியுது. முதல் வருஷம் அது மாசம் 833 ரூபாய்தான். முடிஞ்ச அளவு கட்டுங்க. இன்னொண்ணு, 'சப்சிடி'. அதாவது மானியம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, மாரடோரியம் கால வட்டிக்கு மத்திய அரசு மானியத் திட்டம் இருக்கு. படிப்பு, காலேஜ் பொறுத்து நிபந்தனைகள் உண்டு. வருமானச் சான்றிதழோட பேங்க்ல நேரா போய்க் கேளுங்க.

'தள்ளுபடி'யையும் பிரிச்சுப் பார்க்கணும். துணிக்கடைத் தள்ளுபடி 'டிஸ்கவுன்ட்'. கடனை வேண்டாம்னு விட்டுடுறது 'வேய்வர்'. 'ரைட் ஆஃப்'னு ஒண்ணு இருக்கு, அதையும் பேப்பர்ல தள்ளுபடின்னே போடுவாங்க. அது பேங்க் தன் கணக்குப் புத்தகத்துல பண்ணிக்கிற மாற்றம். கடன் வாங்கினவர் அப்பவும் கட்டியே ஆகணும்.

லோன் பேப்பர்ல 'கோ அப்ளிகன்ட்'னு ஒரு இடத்துல அப்பாவோ அம்மாவோ கையெழுத்து போட்டிருப்பாங்க. ஏதோ சாட்சிக் கையெழுத்துன்னு அவங்க நினைச்சிருக்கலாம். இல்ல. அந்தக் கடன்ல அவங்களுக்கும் முழுப் பொறுப்பு. நீங்க தவணை தவறினா அவங்க பேரும் கெடும்.

6. கிரெடிட் கார்டும் மூணரை வட்டியும்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே கார்டு வேணுமான்னு போன் வரும். "உங்க லிமிட் ஒரு லட்சம் சார்"னு சொன்னதும் ஏதோ ஒரு லட்சம் நம்ம கைக்கு வந்த மாதிரி இருக்கும். கிரெடிட் லிமிட்னா எவ்வளவு வரைக்கும் கடன்படலாம்ங்கிற எல்லை. உங்க பணம் அதுல ஒரு ரூபாய்கூட இல்ல.

பில்லுல ரெண்டு தொகை இருக்கும். 'டோட்டல் டியூ', 'மினிமம் டியூ'. டியூன்னா கட்ட வேண்டிய பாக்கி. இருபதாயிரம் பில்லுக்கு மினிமம் ஆயிரம்னு போட்டிருந்தா, ஆயிரம் கட்டினா போதும்னு தோணும். அது அபராதம் வராம இருக்க மட்டும்தான் போதும். மீதி 19,000க்கு மாசம் 3.5 சதவீதம்னா வட்டி 665. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 120. ஆக நீங்க கட்டின ஆயிரத்துல 785 இதுக்கே போச்சு. கடன் குறைஞ்சது இருநூத்திச் சொச்சம்.

இதை நம்ம ஊர்ப் பாஷையில சொல்லிப் பாருங்க. நூத்துக்கு மாசம் மூணரை ரூபாய், அதாவது மூணரை வட்டி. வருஷத்துக்கு 42 சதவீதம். "மூணரை வட்டிக்குக் கடன் வாங்கி ஷூ வாங்கினேம்மா"ன்னு வீட்ல சொன்னா என்ன நடக்கும்? அம்மா ரெண்டு வட்டிக்கே நாலு தடவை யோசிப்பாங்க. அதே கடன் பளபளன்னு ஒரு அட்டையில இங்கிலீஷ் பேரோட வந்தா மட்டும் நாம யோசிக்கிறதே இல்ல. கெடு தேதிக்குள்ள டோட்டல் டியூ முழுசும் கட்டுறவங்களுக்குக் கார்டு வசதிதான். மினிமம் கட்டுறவங்களுக்கு அது மூணரை வட்டிக்காரர்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யும் இதே ரகம்தான். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013ல சொல்லியிருக்கு. வட்டி விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், இல்ல பிராசசிங் ஃபீயா வரும், இல்ல ரொக்கமா வாங்கினா கிடைக்கிற டிஸ்கவுன்ட் இதுல கிடைக்காது. ரொக்க விலை என்னன்னு கேட்டுட்டு ஒப்பிட்டுப் பாருங்க.

7. கடைசியா ஒரு சொல்: நாணயம்

'கிரெடிட்'டோட வேர் லத்தீன். நம்புறதுங்கிற அர்த்தம். ஒருத்தரை நம்பிக் கொடுக்கிறதுதான் கிரெடிட். தமிழ்லயும் இது அழகா இருக்கு. நாணயம்னா காசு. நாணயமான ஆள்னா சொன்ன சொல் தவறாத ஆள். 300ல இருந்து 900 வரைக்கும் சிபில் ஸ்கோர்னு போடுறாங்களே, அது இந்த நாணயத்துக்குப் போடுற மார்க்தான். ஹோம் லோன் கேட்கப் போகும்போது முதல்ல பார்க்கிறது அதைத்தான். காலேஜ் லோன்ல தவறின தவணையும் அதுல பதிவாகியிருக்கும்.

அந்த அண்ணா இப்ப நல்லா இருக்கார். ரெண்டு வருஷம் ஊருக்குக்கூட அடிக்கடி வராம, செலவைச் சுருக்கி, அப்பாவோட கடனை அடைச்சார். போன மாசம் பார்த்தப்ப, "ஜூனியர்ஸ் கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. வீட்டுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி அந்த லெட்டரோட ரெண்டாவது பக்கத்தைப் படிக்கச் சொல்லு"ன்னார். அந்தப் பக்கத்துலதான் சம்பளப் பட்டியல் இருந்ததாம். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

போறதுக்கு முன்னாடி ஒரு குட்டி டெஸ்ட். விடையைப் பார்க்காம முயற்சி பண்ணுங்க.

கேள்விகள்:
1. லேட்டா ரெக்கார்ட் நோட் சப்மிட் பண்ணினா கட்டுறது ஃபீயா, ஃபைனா?
2. நண்பன் கிட்ட கால்குலேட்டர் கேட்கிறீங்க. "லெண்ட் மீ"யா, "பாரோ மீ"யா?
3. பணம் வர்றதுக்கு யூபிஐ பின் வேணுமா?
4. மாரடோரியம் காலத்துல வட்டி ஏறுமா?
5. சிடிசி-யைப் பன்னிரண்டால வகுத்தா வர்றது டேக் ஹோமா?

விடைகள்:
1. ஃபைன்.
2. லெண்ட் மீ.
3. வேண்டாம். கேட்டா அது மோசடி.
4. ஏறும்.
5. இல்ல. இதுக்கு மட்டும் தப்பா விடை சொன்னவங்க, தயவுசெஞ்சு மூணாவது பகுதியை இன்னொரு தடவை படிச்சுட்டு அப்புறம் வீட்டுக்கு போன் பண்ணுங்க.

அடுத்த இதழ்ல சந்திப்போம். பிளேஸ்மென்ட் எழுதுற எல்லாருக்கும் வாழ்த்துகள்!